கார்ப் மாத்துறதுக்கு முன்னாடி: பழைய கார் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு டாக்டரோட நீண்ட த்ரெட்



இன்னைக்கு சுகர், பிரஷர் பத்திப் பேசப்போறதில்லை. கார்புரேட்டர் பத்தி. ஆனா பாதிக்கு மேல போனதும் இது மருத்துவப் பதிவா மாறிடும். அதனால கார் இல்லாதவங்களும் படிக்கலாம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா வாங்க.

எங்க வீட்ல 1986 மாடல் ப்ரீமியர் பத்மினி ஒண்ணு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. அது தெரிஞ்ச நண்பர்கள் எங்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது:

"டாக்டர், வண்டி இழுக்க மாட்டேங்குது. புது கார்ப் போடணும்கிறாங்க. எந்த கார்ப் வாங்கலாம்?"

நான் திருப்பிக் கேட்கிறது ஒண்ணுதான்.

"கார்ப்தான் காரணம்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

பெரும்பாலும் இதுக்குப் பதில் வராது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். என்ன கோளாறுன்னு பார்க்காம புது கார்ப் மாட்டி, பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமா திறந்துவிட்டு, "இப்ப இழுக்குது பாருங்க சார்"னு சாவியைக் கொடுக்கிறது ட்யூனிங் இல்லை. என்ன காய்ச்சல்னே தெரியாம ஸ்டீராய்டு ஊசி போடுற வேலை அது.

ஊசி போட்ட அன்னைக்கு நோயாளி எழுந்து உட்காருவார், பசிக்கும், "கைராசி டாக்டர்"னு பேரும் கிடைக்கும். நோய் மட்டும் உள்ளேயே இருக்கும். ஏன் இப்படிச் சொல்றேன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

*1. கார்ப் என்ன செய்யுது?*

ஐசியூவில் வெஞ்சுரி மாஸ்க் பார்த்திருப்பீங்க. ஆக்சிஜன் ஒரு சின்னத் துளை வழியா வேகமா பாயும். பக்கத்துல இருக்கிற ஜன்னல் வழியா வெளிக்காற்றையும் இழுத்துக்கிட்டுப் போகும். துளையோட அளவும் ஜன்னலோட அளவும் மாறாம இருக்கிறதால 24%, 28%, 35%, 40%னு நாம கேட்கிற அளவுல ஆக்சிஜன் கிடைக்கும். அந்த மாஸ்குக்குப் பேர் கொடுத்த இத்தாலிய இயற்பியலாளர் வெஞ்சுரியோட பேர்தான் கார்ப்புக்குள்ள இருக்கிற அந்தக் குறுகலான கழுத்துக்கும்.

கார்ப்புல இது தலைகீழா நடக்கும். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கும். அந்தக் காற்று வெஞ்சுரியில் வேகமெடுக்கும், அங்கே அழுத்தம் குறையும். ப்ளோட் கிண்ணத்துல இருக்கிற பெட்ரோலை வெளியில இருக்கிற காற்றழுத்தம் ஜெட் வழியா மேலே தள்ளும். காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போகும்.

இதுல கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. எவ்வளவு பெட்ரோல்ங்கிறதை முடிவு பண்றது பித்தளையில போட்ட சின்னச் சின்ன ஓட்டைகளும் ப்ளோட் மட்டமும்தான்.

சுத்தமான பெட்ரோல் முழுசா எரியணும்னா 1 கிலோ பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிலோ காற்று வேணும். பெட்ரோல் அதிகமானா ரிச். காற்று அதிகமானா லீன். மொத்தச் சண்டையும் இந்த ரெண்டுக்கு நடுவுலதான்.

*2. ரிச்சா வெச்சா ஏன் எல்லாருக்கும் பிடிக்குது?*

ஏன்னா உடனே பலன் தெரியும். காலையில ஸ்டார்ட் பிரச்சினை குறையும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது வர்ற திக்கல் மறையும். எங்கேயோ மேனிஃபோல்டு கேஸ்கட் வழியா திருட்டுக்காற்று போய்க்கிட்டிருந்தாலும் கூடுதல் பெட்ரோல் அதை மூடி மறைச்சுடும்.

அப்புறம் என்ன ஆகும்? பிளக்குல கரி படியும், மிஸ்ஸிங் ஆரம்பிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவும். ஆயிலோட கலந்து அதை நீர்க்க வைக்கும். ரிங்கும் போரும் தேயும். மைலேஜ் போயிடும். சைலன்சர் புகையில கார்பன் மோனாக்சைடு ஏறும்.

கடைசியா சொன்ன அந்த ஒண்ணுக்காகத்தான் இந்த த்ரெட்டே. கீழே விரிவா வரும்.

ரொம்ப லீனா வெச்சாலும் ஆபத்துதான். பேக் ஃபயர், திக்கல், அதிக லோடுல நாக்கிங், கடைசியில வால்வுக்கும் பிஸ்டனுக்கும் சேதம். அதனால "லீன் நல்லது, ரிச் கெட்டது"ன்னு யாரும் எடுத்துக்க வேண்டாம். சரியான அளவுதான் நல்லது. உப்பு மாதிரி.

*3. கார்ப்பைத் தொடறதுக்கு முன்னாடி*

வயித்து வலின்னு வந்தவருக்கு நேரா வயித்தைத் திறக்கிறதில்லை. முதல்ல என்ன, எப்போ, எப்படின்னு கேட்போம். பிறகு தொட்டுப் பார்ப்போம். பிறகு டெஸ்ட். வண்டிக்கும் அதே வரிசைதான்.

முதல் கேள்வி: பிரச்சினை எப்போ வருது? குளிர்ந்த இன்ஜின்லயா, சூடானதுக்கு அப்புறமா? ஐடிலிங்லயா, 60ல போகும்போதா, மேடு ஏறும்போதா? ஐடிலிங்ல மட்டும்னா மெயின் ஜெட்டைக் குறை சொல்ல முடியாது. மேடு ஏறும்போது மட்டும்னா ஸ்லோ ஜெட்டைத் திருகிப் பயனில்லை. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி விடை கிடைச்சுடும்.

அடுத்து, கரண்ட் பக்கம். பிளக், பிளக் வயர், டெல்கோவுக்குள்ள இருக்கிற பாயிண்ட் கேப், கண்டன்சர், டைமிங். கண்டன்சர் கெட்டா வண்டி சூடானதும் திணறும், நிற்கும். ஆறினதும் ஒண்ணும் தெரியாத மாதிரி ஓடும். பார்க்கிறவங்களுக்கு அப்படியே பெட்ரோல் அடைப்பு மாதிரியே இருக்கும். மதுரையில நண்பர் ஒருத்தர் தன்னோட அம்பாசிடருக்கு ரெண்டு கார்ப் மாத்தினார். கடைசியில மாத்த வேண்டியிருந்தது கண்டன்சர். அதோட விலையை ரெண்டு கார்ப் விலையோட ஒப்பிட்டு அவரே சிரிச்சுக்கிட்டார். வேற என்ன செய்ய?

அடுத்து, இன்ஜினோட உடம்பு. டேப்பட் இடைவெளி சரியா இருக்கா? நாலு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் ஒரே மாதிரி இருக்கா? ஒரு சிலிண்டர் படுத்துக்கிட்டா உலகத்துலயே விலையான கார்ப் போட்டாலும் அது எழுந்துக்காது.

அடுத்து, திருட்டுக்காற்று. கார்ப்புக்கு அடியில இருக்கிற கேஸ்கட், மேனிஃபோல்டு கேஸ்கட், வெடிச்ச ரப்பர் ஹோஸ். ஐடிலிங்ல ஓடும்போது இந்த இணைப்புகள் மேல சோப்புத் தண்ணியைக் கொஞ்சமா தெளிச்சுப் பாருங்க. இன்ஜின் சத்தம் மாறினா அங்கேதான் ஓட்டை. சூடான இன்ஜின் மேல பெட்ரோலையோ ஸ்ப்ரேயையோ அடிச்சு டெஸ்ட் பண்ற பழக்கம் சில இடங்கள்ல இருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம்.

கடைசியா, பெட்ரோல் வர்ற பாதை. டேங்க்ல துரு, ஃபில்டர்ல அடைப்பு, பம்ப்ல கிழிஞ்ச டயஃப்ரம். டேங்க் மூடியோட காத்துத் துளை அடைச்சாலும் கொஞ்ச தூரம் ஓடி வண்டி நின்னுடும். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தா தெரிஞ்சுடும். செலவே இல்லாத டெஸ்ட்.

இவ்வளவும் சரியா இருந்து பிரச்சினை இன்னும் இருந்தாத்தான் கார்ப் குற்றவாளிக் கூண்டுல ஏறணும்.

*4. ஏறினாலும் உடனே தூக்கு இல்லை*

கழட்டி, சுத்தம் பண்ணி, புது கேஸ்கட் கிட் போட்டு, ப்ளோட் மட்டத்தையும் நீடில் வால்வையும் சரிபார்த்தாலே நிறைய கார்ப் பிழைச்சுக்கும்.

ஜெட்டுக்குள்ள கம்பியை விட்டுக் குடைஞ்சு சுத்தம் பண்ணக் கூடாது. ஜெட்டுல போட்டிருக்கிற எண் அந்த ஓட்டையோட அளவு. சோலெக்ஸ், வெபர் ஜெட்டுல 125னு இருந்தா 1.25 மில்லிமீட்டர். கம்பியால நாலு தடவை குடைஞ்சா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லாம போயிடும். கார்ப் கிளீனரும் காற்றும் போதும்.

அப்போ எப்பதான் மாத்தணும்? என் கணக்குல மூணு காரணம்தான் உண்டு.

ஒண்ணு, த்ராட்டில் ஷாஃப்ட் ஆட்டம். பல வருஷம் திறந்து மூடி அந்தத் துளை தேய்ஞ்சு போயிருக்கும். அந்த இடைவெளி வழியா காற்று நுழையும். எவ்வளவு திருகினாலும் ஐடிலிங் நிலைக்காது. நல்ல லேத்காரர் இருந்தா புஷ் அடிச்சு இதையும் காப்பாத்தலாம்.

ரெண்டு, பாடி வளைஞ்சோ வெடிச்சோ அரிச்சோ போயிருக்கிறது.

மூணு, உதிரி பாகம் எங்கேயும் கிடைக்காத நிலை. பத்மினி மும்பை குர்லா ஆலையில தயாராகிறது நின்னு இருபது வருஷத்துக்கு மேலாச்சு. இந்தக் கஷ்டம் உண்மையானது. மறுக்கல.

*5. போல்ட் சேருதுங்கிறதால கார்ப் சேராது*

புதுப்பேட்டையிலயும் ஜி.பி. ரோட்டுலயும் கேட்டா, "சார், இது உங்க வண்டிக்கு அப்படியே உட்காரும்"பாங்க. உட்காரும். ரத்தப் பையோட ட்யூப் கூடத்தான் எல்லா நோயாளி கையிலயும் உட்காரும். அதுக்காக க்ரூப் பார்க்காம ரத்தம் ஏத்துவோமா?

பார்க்க வேண்டியது நாலு: வெஞ்சுரி அளவு, மெயின் ஜெட், ஸ்லோ ஜெட், ஏர் ஜெட். பழைய கார்ப்போட எண்களை ஒரு தாள்ல எழுதி எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போங்க. ஜெட்டுல எண்ணே இல்லாத லோக்கல் கார்ப்னா, எவ்வளவு மலிவா இருந்தாலும் வாங்காதீங்க.

இன்னொரு ஆசை உண்டு. "பெரிய கார்ப் போட்டா பெரிய பவர்." பத்மினி இன்ஜின் 1089 சிசி. நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடினா அது இழுக்கிற காற்று கணக்குப்படி 2200 லிட்டருக்குள்ளதான். நடைமுறையில அதைவிடக் குறைவு. நீங்க எவ்வளவு பெரிய வாயை மாட்டினாலும் நுரையீரல் அதே சைஸ்தான். வெஞ்சுரி பெருசானா காற்றோட வேகம் குறையும். வேகம் குறைஞ்சா ஜெட்டுலேர்ந்து பெட்ரோல் சரியா எழும்பாது. டவுன் ட்ராஃபிக்ல செகண்ட் கியர்ல திக்கித் திணறும். அதைச் சரிக்கட்ட மறுபடி ரிச் பண்ணுவாங்க. பழைய கதைதான்.

முக்கியமான ஒண்ணு: பழைய கார்ப்பை எக்ஸ்சேஞ்சுல கொடுத்துடாதீங்க, எடைக்கும் போட்டுடாதீங்க. உங்க வண்டிக்கு என்ன ஜெட் சரியா இருந்ததுங்கிறதுக்கு அது ஒண்ணுதான் ரெக்கார்டு. பழைய கேஸ் ஷீட்டைக் கிழிச்சுப் போடுவீங்களா?

*6. இ20 வந்ததுக்கு அப்புறம்*

2025ல நாடு முழுக்க 20% எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தாச்சு. 1980கள்ல வந்த கார்ப் சுத்தமான பெட்ரோலுக்கு ஜெட் போடப்பட்டது.

எத்தனால் எரிய அதுக்குக் காற்று குறைவாத்தான் வேணும்: 1 கிலோவுக்கு சுமார் 9 கிலோ. அதனால இ20க்குத் தேவையான விகிதம் 14.7லேர்ந்து சுமார் 13.5க்கு இறங்குது. புது வண்டியில ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடிச்சு பெட்ரோலைக் கூட்டிக்கும். நம்ம கார்ப்புக்குக் கண் கிடையாது. ஓட்டை அதேதான். அதனால எதையும் தொடாமலேயே வண்டி 8, 9% லீன் ஆயிடுது.

"போன வருஷம் வரைக்கும் நல்லா இருந்துச்சு டாக்டர், இப்ப திக்குது"ன்னு சொல்றவங்கள்ல சிலருக்கு இதுதான் விஷயம். இவங்களுக்குப் புது கார்ப் வேண்டியதில்லை. ஒரு படி பெரிய ஜெட் போதுமானதா இருக்கலாம். 125 ஜெட்டுக்குப் பதிலா 130 போட்டா விட்டத்துல 4% வித்தியாசம்தான். ஆனா ஓட்டையோட பரப்பு 8% கூடும். கணக்கு கிட்டத்தட்ட சேர்ந்துடுது பாருங்க. ஐடிலிங்குக்கு ஸ்லோ ஜெட்டையும் மிக்ஸர் ஸ்குரூவையும் தனியா பார்க்கணும்.

இதை நான் ரிச் பண்றதுன்னு சொல்ல மாட்டேன். காரணம் தெரிஞ்சு, அளவு தெரிஞ்சு கொடுக்கிற டோஸ் இது. ஸ்டீராய்டும் மருந்துதான். ஆஸ்துமா முத்தின நேரத்துல உயிரைக் காப்பாத்தும். காரணம் தெரியாம கொடுக்கிறதைத்தான் எதிர்க்கிறேன்.

அதோட பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கட், பம்ப் டயஃப்ரம் எல்லாம் எத்தனால்ல ஊறி உப்பும், வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாசக்கணக்குல ஓட்டாம நிறுத்தி வெச்சா டேங்க்லயும் கார்ப்லயும் அரிப்பு வரும். எத்தனால் தாங்குற ஹோஸா கேட்டு வாங்கி மாத்துங்க. கார்ப் மாத்துற காசுல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது. ஆனா தீ விபத்தைத் தடுக்கிறது இதுதான்.

*7. ட்யூனிங்: ஒரு நேரத்துல ஒரு மாற்றம்*

ஒரே நாள்ல ஜெட்டையும் மாத்தி, டைமிங்கையும் நகர்த்தி, பிளக்கையும் மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது. ஒரே நேரத்துல அஞ்சு மாத்திரையை மாத்தி எழுதின சீட்டு மாதிரிதான்.

வரிசை இது:

பாயிண்ட், டைமிங், டேப்பட் எல்லாம் முடிஞ்சப்புறம்தான் கார்ப். ப்ளோட் மட்டம் முதல்ல. வண்டி சமதளத்துல நிற்கணும். இன்ஜின் நல்லா சூடாகணும், சோக் முழுசா திறந்திருக்கணும். ஏர் ஃபில்டர் மாட்டியே இருக்கணும். ஃபில்டரைக் கழட்டி வெச்சுட்டு ட்யூன் பண்ணினா, மாட்டினதும் கணக்கு மாறிடும்.

மிக்ஸர் ஸ்குரூவை மெதுவா கடைசி வரைக்கும் மூடுங்க. இறுக்காதீங்க, அதோட கூரான முனை நசுங்கிடும். அங்கேர்ந்து ஒன்றரைச் சுற்று திறங்க. அப்புறம் கால் கால் சுற்றா திருகி, இன்ஜின் எங்கே வேகமாவும் சீராவும் ஓடுதோ அங்கே நிறுத்துங்க. பிறகு ஐடிலிங் ஸ்குரூவால வேகத்தை இறக்குங்க. மறுபடி ஒரு தடவை சரிபாருங்க. சில கார்ப்புல இந்த ஸ்குரூ பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்தும், வெளியே திருகினா ரிச். சிலதுல காற்றைக் கட்டுப்படுத்தும், வெளியே திருகினா லீன். உங்களுது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத் திருகுங்க.

மெயின் ஜெட்டை ஐடிலிங்ல வெச்சு முடிவு பண்ண முடியாது. ரோட்டுல ஓட்டிப் பார்க்கணும். முடிஞ்சா சைலன்சர்ல ஆக்சிஜன் சென்சார் மீட்டர் வெச்சிருக்கிற ட்யூனர்கிட்ட போங்க. காதால கேட்டு ட்யூன் பண்ற பெரியவர்கள் இருக்காங்க, அவங்க மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஸ்டெதாஸ்கோப் வெச்சே வால்வு நோயைச் சொன்ன பேராசிரியர்கள்கிட்ட படிச்சவன் நான். ஆனா அவங்களும் எக்கோ எடுத்து உறுதி பண்ணுவாங்க.

ஊட்டிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. உயரம் 2200 மீட்டருக்கு மேல. காற்று அடர்த்தி குறைவு. கீழே சமவெளியில சரியா இருந்த கார்ப் மேலே போனா தானாவே ரிச் ஆகும். மேட்டுப்பாளையத்துல ட்யூன் பண்ணிட்டு ஊட்டியில புகையுதேன்னு மெக்கானிக்கைத் திட்டாதீங்க.

*8. பொல்யூஷன் சர்டிஃபிகேட் மட்டும் போதுமா?*

பிஎஸ் 2க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்ல கார்பன் மோனாக்சைடு 3%, ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரைக்கும் அனுமதி. டெஸ்ட்டுக்குப் போகும்போது ஸ்குரூவை உள்ளே திருகிட்டு, வந்ததும் பழையபடி திறந்துவிடற ஆட்கள் நிறைய. ரத்தப் பரிசோதனைக்கு மூணு நாள் முன்னாடி மட்டும் இனிப்பை நிறுத்துறவர் மாதிரி. அன்னைக்கு வெறும் வயித்துச் சர்க்கரை அழகா இருக்கும். ஹெச்பிஏ1சி மூணு மாசக் கதையைச் சொல்லிடும்.

வண்டிக்கு ஹெச்பிஏ1சி எதுன்னா, 500 கிலோமீட்டர் ஓட்டினப்புறம் பிளக்கோட நிறம், டேங்க் டு டேங்க் மைலேஜ், ஆயில்ல பெட்ரோல் வாடை. பிளக்குல காஞ்ச கரி இருந்தா ரிச். வெள்ளை வெளேர்னு கொப்புளிச்சிருந்தா லீன். வெளிர் பழுப்பு நல்லது.

அந்தப் பொல்யூஷன் மெஷின்ல வர்ற எண்ணை சர்டிஃபிகேட்டுக்காக மட்டும் பார்க்காதீங்க. ட்யூனிங் முடிஞ்சதும் போய் எவ்வளவுன்னு பாருங்க. இவ்வளவு மலிவா கிடைக்கிற லேப் ரிப்போர்ட் வேற இல்லை.

*9. இப்போ மருத்துவம்*

மழை பெய்யுது. கார் ஷெட் ஷட்டரை இறக்கிவிட்டு, வண்டியை ஐடிலிங்ல விட்டு, ஒருத்தர் ஸ்குரூ திருகிக்கிட்டிருக்கார். பக்கத்துல பையன் டார்ச் பிடிக்கிறான். பல வீடுகள்ல நடக்கிற காட்சிதான் இது.

ஒரு கணக்கு போடுவோம். ஷெட் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம். மொத்தம் 37,500 லிட்டர் காற்று. ஐடிலிங்ல நிமிடத்துக்கு 100 லிட்டர் புகைன்னு தோராயமா வெச்சுக்குவோம். சட்டம் அனுமதிக்கிற 3% கார்பன் மோனாக்சைடுன்னாலே நிமிடத்துக்கு 3 லிட்டர். காற்றோட்டமே இல்லைன்னா ஒரு நிமிடத்துக்கு 80 பிபிஎம் ஏறும். 10 நிமிடத்துல 800 பிபிஎம்.

800 பிபிஎம்ல முக்கால் மணி நேரத்துல தலைவலி, தலைசுற்றல், குமட்டல். ரெண்டு மணி நேரத்துல மயக்கம்.

அதே வண்டி ரிச்சா இருந்து புகையில 6%னா? 10 நிமிடத்துல 1600 பிபிஎம். அந்த அளவுல 20 நிமிடத்துலயே தலைவலி, குமட்டல் ஆரம்பிக்கும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள உயிர் போகலாம். இன்ஜின் ஓட ஓட அளவு ஏறிக்கிட்டே போகும்ங்கிறதையும் மறக்காதீங்க. நம்ம பழைய வண்டியில இதைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கிடையாது. சென்னை உள்ளிட்ட நாலு பெருநகரங்கள்ல புது பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானதே 1995ல தான்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். ஆக்சிஜன் ஏற இடமிருக்காது. மூளையும் இதயமும் முதல்ல பட்டினி கிடக்கும்.

இதுல ஒரு பொறி இருக்கு, கவனிங்க. விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இதைக் கண்டுபிடிக்காது. கார்பன் மோனாக்சைடு பிடிச்ச ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் பிடிச்சதுன்னே அது கணக்கு பண்ணும். 98% காட்டும். ஆள் செத்துக்கிட்டிருப்பார். கோவிட் காலத்துலேர்ந்து வீட்டுக்கு வீடு ஆக்ஸிமீட்டர் இருக்கு. "98 இருக்கே, ஒண்ணுமில்லை, பித்தமா இருக்கும்"னு படுக்க வெச்சுடாதீங்க.

வண்டி வேலை பார்த்துக்கிட்டிருந்தவருக்குத் தலைவலி, வாந்தி, தடுமாற்றம், குழப்பம் வந்தா, பக்கத்துல இருக்கிறவருக்கும் அதே மாதிரி இருந்தா, கார்பன் மோனாக்சைடுன்னே நினைங்க. முதல்ல ஷட்டரைத் திறங்க. நீங்களும் உள்ளேயே நிக்காம அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாங்க. 108ஐக் கூப்பிடுங்க. ஆஸ்பத்திரியில "மூடின இடத்துல வண்டி ஓடிக்கிட்டிருந்தது"ங்கிறதை மறக்காம சொல்லுங்க. அந்த ஒரு வரி இல்லைன்னா டாக்டருக்கும் தோணாம போகலாம்.

வெறும் காற்றைச் சுவாசிச்சா ரத்தத்துல இருக்கிற கார்பன் மோனாக்சைடு பாதியாகவே 4, 5 மணி நேரம் ஆகும். மாஸ்க் போட்டு அதிக அளவு ஆக்சிஜன் கொடுத்தா அது ஒன்று, ஒன்றரை மணி நேரமா குறையும். அதனாலதான் ஆஸ்பத்திரி. மோர் கொடுத்துப் படுக்க வெக்கிற விஷயம் இல்லை இது.

கர்ப்பிணிகள் அந்த ஷெட் பக்கமே வேண்டாம். சிசுவோட ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு தாயைவிட அதிகமா ஏறும், இறங்கவும் அதிக நேரம் எடுக்கும். ஷெட்டுக்கு மேலயோ ஒட்டியோ படுக்கையறை இருந்தா அங்கேயும் இது போகும்.

*10. இன்னும் மூணு பழக்கம், உடனே நிறுத்தணும்*

பெட்ரோலை ட்யூப்ல வாயால உறிஞ்சி எடுக்கிறது. ஒரு வாய் தப்பி நுரையீரலுக்குப் போனா ரசாயன நிமோனியா. விழுங்கிட்டா உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வெக்காதீங்க. வாந்தியிலதான் அது நுரையீரலுக்குப் போகும். நேரா ஆஸ்பத்திரி. கை பம்ப் ஒண்ணு வாங்கி வெச்சுக்குங்க.

ஸ்டார்ட் ஆகலைன்னா கார்ப் வாயில பெட்ரோல் ஊத்தி ஒருத்தர் செல்ஃப் அடிக்க, ஒருத்தர் குனிஞ்சு பார்க்கிறது. ஒரு பேக் ஃபயர் போதும். முகமும் கையும் வெந்து வர்ற ஆட்களை அவசரப் பிரிவுல நாங்க பார்க்கிறோம்.

கார்ப் கழட்டினப்புறம் பெட்ரோல்லயே கை கழுவுறது. தோல் வெடிக்கும், அலர்ஜி வரும். சோப்பு போதும்.

பக்கத்துல ஒரு தீயணைப்பான் எப்பவும் இருக்கட்டும்.

*முடிவா...*

மெக்கானிக்குகளைக் குறை சொல்ல இதை எழுதல. சரியா கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்கு நாம காசு கொடுக்கிறதில்லை. "என்ன சார், ஒண்ணும் மாத்தலையே, எதுக்கு ஆயிரம் ரூபா?"ன்னு கேட்கிறோம். பார்ட்டுக்கு ஐயாயிரம் கேட்டா பேசாம எடுத்துக் கொடுக்கிறோம். ஊசி போடாத டாக்டருக்கு ஃபீஸ் எதுக்குன்னு கேட்கிற அதே மனசுதான் இது. நாம இப்படி இருந்தா அவரும் கார்ப்பைத்தான் மாத்துவார்.

அதனால அடுத்த முறை வண்டியை விடும்போது, "என்ன கோளாறுன்னு கண்டுபிடிங்க அண்ணே, அதுக்கே உங்க கூலியைக் கொடுத்துடறேன். அப்புறம் எதை மாத்தலாம்னு பேசுவோம்"னு சொல்லிப் பாருங்க. அவர் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும்.

சுருக்கமா:

✅ கரண்ட், டேப்பட், திருட்டுக்காற்று, பெட்ரோல் பாதை. அதுக்கப்புறம்தான் கார்ப்.
✅ சுத்தம் பண்ணிப் பார்த்துட்டு, ஷாஃப்ட் ஆட்டம் இருந்தா மட்டும் மாத்துறதைப் பத்தி யோசிங்க.
✅ ஜெட் எண்ணை எழுதி வெச்சுக்குங்க. பழைய கார்ப்பை வீட்லயே வெச்சுக்குங்க.
✅ இ20க்கு ஜெட்டையும் ஹோஸையும் பாருங்க.
✅ ஒரு நேரத்துல ஒரு மாற்றம். முடிஞ்சதும் பொல்யூஷன் மெஷின்ல அளவு பாருங்க.
✅ ட்யூனிங் எப்பவும் திறந்த வெளியில. மழைன்னா நாளைக்குப் பார்த்துக்கலாம்.

பழைய வண்டி வெச்சிருக்கிற உறவினர், நண்பர், பக்கத்து ஒர்க்‌ஷாப் அண்ணன் எல்லாருக்கும் இதை அனுப்புங்க. 9ஆவது பகுதியை மட்டுமாவது படிக்கச் சொல்லுங்க.

உங்க வண்டியோட பிரச்சினையைக் கமெண்ட்ல எழுதும்போது, எந்த வண்டி, எந்த வருஷம், எப்போ திக்குதுன்னு மூணையும் சேர்த்து எழுதுங்க. "வண்டி இழுக்கல டாக்டர்"னு மட்டும் எழுதினா, நானும் "எப்போ இழுக்கல?"ன்னுதான் கேட்பேன்.